நியூயார்க் பூங்காவில் பெடிகேப்: அம்மா ஏறுவதற்கு முன் விலையைப் பேசுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, அக்டோபர் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர், இப்போது முட்டி வலி. சென்ட்ரல் பார்க்கைச் சுற்றிக் காட்ட நம்ம டிரைஷா மாதிரி மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று, பெடிகேப்னு, இருக்காமே, ஓட்டுபவரே விளக்கமும் சொல்வாராம். ஒருத்தர் ஐந்து டாலர்தான் என்கிறார், இன்னொருத்தர் பட்டப்பகல் கொள்ளை என்கிறார். போகலாமா, இல்லை நடப்பதே மேலா?"

போகலாம் தம்பி, தாராளமாகப் போகலாம். உங்களிடம் பேசிய இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் வேடிக்கை. ஐந்து டாலர் என்பது ஒரு நிமிடத்துக்கு.

முதலில் நடையை விட்டுவிடலாம். அந்தப் பூங்கா 843 ஏக்கர். தோட்டத்தில் வேலை பார்த்தவரிடம் ஏக்கர் கணக்கில் சொன்னாலே போதும், எத்தனை நிரை மரம் வரும் என்று அவரே மனக்கணக்குப் போட்டுவிடுவார். தெற்கே 59ஆம் தெருவில் ஆரம்பித்து வடக்கே 110ஆம் தெரு வரை நாலு கிலோமீட்டர் நீளம். உள்ளே ஓடும் சுற்றுச்சாலைகளில் 2018இலிருந்து கார் விடுவதில்லை. முட்டி வலிக்காரருக்கு மிச்சம் இருப்பது குதிரை வண்டியும் பெடிகேப்பும்தான், இரண்டில் எனக்குப் பெடிகேப்தான் பிடிக்கும், ஏனென்றால் நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லலாம்.

சரி, விலை. பூங்காவின் தெற்கு வாசல்களில், முக்கியமாக கொலம்பஸ் சர்க்கிள் பக்கமும் ஆறாவது அவென்யூ முனையிலும், ஓட்டுநர்கள் வரிசையாக நின்று கூப்பிடுவார்கள். "ஃபைவ் டாலர், ஃபைவ் டாலர்" என்று காதில் விழும், நிமிடத்துக்கு என்ற வார்த்தை மட்டும் விழாது. நாற்பது நிமிடம் சுற்றினால் 200 டாலர், அதற்கு மேல் டிப்ஸ் பதினைந்து இருபது விழுக்காடு, நம்ம மலேசியக் கணக்கில் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) நெருங்கும், அதுவும் ஐந்து டாலர் வண்டிக்குத்தான். இதைவிடக் கூடுதலாக விலை அட்டையில் போட்டிருப்பவர்களும் உண்டு, போட்டிருந்தால் அது அவர்கள் உரிமை. நகர நிர்வாகம் விலைக்கு வரம்பு வைக்கவில்லை. விலையை மறைக்கக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறது. நிமிடக் கட்டணத்தை அட்டையில் எழுதி வண்டியில் மாட்டியிருக்க வேண்டும், பயணி பார்க்கிற மாதிரி டைமர் இருக்க வேண்டும், எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் அதை ஓடவிட வேண்டும், ஓட்டுநரிடம் நகர உரிமம் இருக்க வேண்டும். மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, சீட் பெல்ட் கட்டாயம். நீங்கள், அம்மா, தங்கச்சி, அவ்வளவுதான் ஒரு வண்டி. மாப்பிள்ளையும் வந்தால் இன்னொரு வண்டி, இன்னொரு மீட்டர்.

அதனால் ஏறுவதற்கு முன்பே அட்டையைக் கைப்பேசியில் ஒரு படம், வண்டியின் எண் பலகையை ஒரு படம் எடுங்கள். அப்புறம் கேளுங்கள்: இந்த விலை வண்டிக்கா, ஆளுக்கா? நாங்கள் இறங்கிப் படம் எடுக்கும்போதும் டைமர் ஓடுமா? மொத்தம் எத்தனை நிமிடம் ஆகும், எங்கே கொண்டு வந்து விடுவீர்கள்? நேராகப் பதில் சொல்லாமல் "முதலில் ஏறுங்க, அப்புறம் பேசலாம்" என்கிறவரை விட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள், பக்கத்திலேயே பத்துப் பேர் நிற்பார்கள். கடைசியில் தகராறு வந்தால் குரலை உயர்த்த வேண்டாம், நகரத்தின் 311 புகார் எண்ணுக்கு அழைக்கப் போகிறேன் என்று சொன்னாலே பாதித் தகராறு அடங்கிவிடும்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது, வாசலில் பேரம் பேசவே வேண்டாம், இங்கிருந்தே இணையத்தில் ஒரு மணி நேர வழிகாட்டிச் சுற்றை மொத்த விலைக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். அதிலும் விலை ஆளுக்கா வண்டிக்கா என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வயதானவரை வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் போவது ஒரு பயணமே இல்லை.

எந்தச் சுற்று என்றால், தெற்குப் பாதி போதும். முழுச்சுற்று கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர், வடக்கே ஹார்லெம் பக்கம் மேடு ஏறும்போது மிதிப்பவருக்கு மூச்சு முட்டும், உங்களுக்குப் பணம் கரையும். சாலை ஒருவழி. கிழக்கு ஓரமாக வடக்கே ஏறி, 72ஆம் தெரு மட்டத்தில் குறுக்கே வெட்டி, மேற்கு ஓரமாகத் தெற்கே இறங்குவார்கள். பெதஸ்தா நீரூற்று, செர்ரி ஹில், பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் நினைவாக இருக்கும் ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ், ஷீப் மெடோ எல்லாம் இந்தச் சுற்றிலேயே வந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள், பெடிகேப் சாலையில் மட்டும்தான் போகும், நடைபாதையில் போகாது. ஏரியின் மேல் இருக்கும் போ பாலத்துக்கும் லெனன் நினைவிடத்துக்கும் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். பெதஸ்தாவில் கீழே நீரூற்றுக்கு நிறையப் படிகள். அம்மாவை இறக்கி மேல் தளத்தின் கைப்பிடிச் சுவர் வரை கூட்டிப் போனால் போதும், நீரூற்றும் பின்னால் ஏரியும் அங்கிருந்தே முழுசாகத் தெரியும். அந்தத் தேவதைச் சிலையைச் செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண்மணி. 1842இல் குரோட்டன் கால்வாய் வழியாக நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக வைத்தது. பல ஓட்டுநர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், எந்தச் சினிமாவை எங்கே எடுத்தார்கள், எந்தக் கட்டடத்தில் எந்தக் கோடீஸ்வரர் இருக்கிறார் என்பதில்தான் அவர்களுக்கு உற்சாகம். ஷீப் மெடோவில் 1934 வரைக்கும் நிஜமாகவே ஆடு மேய்ந்தது, பக்கத்தில் இருக்கும் பெரிய உணவகம் அந்த ஆடுகளின் கொட்டகை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஆடு மாடு வளர்த்த தலைமுறைக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள், கோடீஸ்வரர் வீட்டைவிட இது பிடிக்கும்.

நேரம் இருந்தால் இன்னொரு இடம், ஆனால் அதற்குப் பெடிகேப் வேண்டாம். மேற்கு ஓரத்தில் 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையில் செனெகா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள், சொந்த நிலம், வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் வைத்திருந்தார்கள், சுமார் 225 பேர். பூங்கா கட்டுவதற்காக 1857இல் அத்தனை பேரையும் கிளப்பிவிட்டார்கள். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, கோயிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர்கள் நம்ம ஊர்ப்பக்கம் எத்தனை பேர். அம்மாவுக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது. சென்ட்ரல் பார்க் வெஸ்ட் சாலையில் ஓடும் எம்10 பேருந்தில் 85ஆம் தெருவில் இறங்கி உள்ளே போனால் தகவல் பலகைகள் இருக்கின்றன.

உட்காரும் விஷயம். பினாங்கில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால், மலாக்காவில் பக்கவாட்டில். நியூயார்க்கில் மிதிப்பவர் முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார், பாதி பேச்சு காற்றில் போய்விடும். வண்டி நிற்கும்போது பேசச் சொல்லுங்கள், நீங்கள் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல அதுதான் தோது. ஏறும் படி கொஞ்சம் உயரம். ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்திருக்கட்டும், ஏறும்போது வலி இல்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கழிப்பறைக்குக் கொலம்பஸ் சர்க்கிள் மாலிலேயே போய் வந்துவிடுங்கள்.

அக்டோபர் கடைசியில் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும், நல்ல பருவம், ஆனால் குளிர். அசையாமல் உட்கார்ந்து எதிர்காற்று வாங்கினால் நடப்பவரைவிட அதிகமாகக் குளிரும். ஸ்வெட்டர், காது மூடும் தொப்பி, முட்டிக்கு மேல் போர்த்த ஒரு கம்பளி. நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: நவம்பர் முதல் ஞாயிறு நியூயார்க் மாரத்தான், பூங்காவுக்குள்தான் முடியும், அன்றைக்குப் பூங்காச் சாலைகள் ஓட்டக்காரர்களுக்குத்தான். அதற்கு முந்தைய வாரத்தில் செவ்வாயோ புதனோ, காலை பத்து மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.