சர்க்கரை உள்ள அம்மாவுக்கு இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு, கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டை எடுத்து நாலு வருஷம், ஒரு டாக்டர் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டுவது) என்கிறார், இன்னொருவர் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) போதும் என்கிறார், எது சரி?

சர்க்கரை இருந்தாலே இம்ப்ளாண்ட் கூடாது என்றில்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதலில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c ரத்தப் பரிசோதனை) பாருங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் தயங்க மாட்டார்கள், 9, 10 என்றால் அவசரம் வேண்டாம், புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். அப்புறம் சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே. பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே வரும், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அதில்தான் துல்லியமாகத் தெரியும். அதை எடுக்காமலே 'நாளைக்கே வைத்துவிடலாம்' என்றால் நானாக இருந்தால் எழுந்து வந்துவிடுவேன்.

பிரிட்ஜ் செலவு குறைவு, இரண்டு மூன்று வாரத்தில் முடியும். ஆனால் இரண்டு பக்கமும் உள்ள பற்களை ராவ வேண்டும். அவை சொத்தையில்லாத நல்ல பற்கள் என்றால் எனக்கு மனசு வராது. ஏற்கெனவே கேப் போட்டவை என்றால் பிரிட்ஜே போதும்.

என் அப்பாவுக்குத் திருகு வைத்தது அரை மணி நேரம்தான். எலும்பு டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்ததுதான் பாடு, முறுக்கு டப்பாவை ஒளித்து வைத்தோம்.

எலும்புத் தேய்மானத்துக்கு அம்மா மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் பல் டாக்டரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். இம்ப்ளாண்ட் வைத்தால் அதன் கம்பெனி, அளவு உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் திருகு தளர்ந்தால் வேறு டாக்டருக்கு அது வேண்டும்.