பாஸ்வேர்டை மாற்றியும் தொல்லை தீரவில்லையா? மின்னஞ்சலைப் பாருங்கள்
தகவல் கசிந்த ஷாப்பிங் தளத்தில் பாஸ்வேர்டை மாற்றியும், மற்ற கணக்குகளில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். அதே பாஸ்வேர்டுதான் மின்னஞ்சலுக்குமா? அப்படியானால் சிக்கல் அங்கேதான். கசிந்த பட்டியலை வைத்து ஒரு நிரல் தளம் தளமாகப் போட்டுப் பார்க்கும், உங்கள் மேல் யாருக்கும் தனிக் கோபமெல்லாம் இல்லை.

முதலில் மின்னஞ்சல். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து விழும். பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். அப்புறம், பலரும் எட்டிப் பார்க்காத ஃபார்வர்டிங் (மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது), ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிப்பது) அமைப்புகளைப் பாருங்கள். எனக்கு இப்படி ஆனபோது, 'பாஸ்வேர்டு' என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் நேரே குப்பைக்கு அனுப்பும் ஒரு ஃபில்டர் அங்கே உட்கார்ந்திருந்தது; பாஸ்வேர்டை மாற்றினாலும் அது போகவில்லை, நாமே அழிக்க வேண்டும். கணக்கை மீட்கக் கொடுத்திருக்கும் ஃபோன் எண் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

பிறகு வங்கி, அப்புறம் மற்றவை. ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு. நினைவில் நிற்காது, பிட்வார்டன் மாதிரி, பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் ஆப் ஒன்றில் போட்டுவிடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) எஸ்எம்எஸ்ஸைவிட, குறியீட்டை ஃபோனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது; உங்கள் பெயரில் மாற்று சிம்மே வாங்கி அந்த எஸ்எம்எஸ்ஸைப் பெற்றுவிடும் ஆட்கள் உண்டு. இனி 'கணக்கு முடக்கப்படும்' என்று மெயில் வந்தால் இணைப்பைத் தொடாதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள்.