லினக்ஸுக்குள் விண்டோஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லினக்ஸுக்கு மாறிவிட்டேன். பழைய கணக்கு மென்பொருள் ஒன்றை மட்டும் விட முடியவில்லை. அதற்காக மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அமைக்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒயின் (Wine) என்ற மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். 1993 முதல் வளர்ந்துவரும் இந்தத் திட்டத்துக்கு விண்டோஸே தேவையில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்கும் வேலைகளை லினக்ஸைக் கொண்டே செய்து கொடுத்துவிடும். ஆனால் திரை திறந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஓர் அறிக்கையை அச்சிடுங்கள்; கோப்பைச் சேமித்து, மூடி, மீண்டும் திறங்கள். இடறுவதானால் அங்கேதான் இடறும். அப்படி இடறினால் ஒயினோடு மல்லுக்கட்ட வேண்டாம், மெய்நிகர் இயந்திரத்துக்குப் போய்விடுங்கள். அதில் ஓடுவது அசல் விண்டோஸ். உரிமமும் முறையாக வேண்டும்.

கேள்வி: மெய்நிகர் இயந்திரம் அமைக்க விர்ச்சுவல்பாக்ஸா, கேவிஎம்மா?

பதில்: எப்போதாவது தேவைப்படுகிறவருக்கு விர்ச்சுவல்பாக்ஸ் போதும். தினமும் விண்டோஸைத் திறப்பவருக்கு நான் சொல்வது கேவிஎம். அது 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது; கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கெர்னலோடு சேரும் தனித் துணுக்கை (மாட்யூல்) திரும்பத் தொகுக்கும் தொல்லை இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முயலாதீர்கள். கெர்னல் 6.12 முதல் கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே செயலியின் மெய்நிகராக்க வசதியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பலருக்கு, நேற்றுவரை ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ் கெர்னலைப் புதுப்பித்ததும் நின்றுபோனது. கேவிஎம் மாட்யூலைக் கெர்னலிலிருந்து அகற்றிவிட்டால் ஓடும்.

கேள்வி: கேவிஎம்மில் விண்டோஸ் நிறுவும்போது வட்டுப் பட்டியல் காலியாக இருக்கிறது. வட்டு பழுதா?

பதில்: இல்லை. நீங்கள் வட்டை விர்ட்டியோ என்ற, மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உள்ள வகையாக அமைத்திருப்பீர்கள். அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் கிடையாது. விர்ட்டியோ-வின் என்ற ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, இரண்டாவது சிடி டிரைவாக இணையுங்கள். வட்டுப் பட்டியல் வரும் திரையிலேயே டிரைவரை ஏற்றுவதற்கான பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, வையோஸ்டார் என்ற கோப்புறைக்குள் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு உரியதையும், அதற்குள் ஏஎம்டி64 என்பதையும் தேர்ந்தெடுங்கள். இன்டெல் செயலி வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இரு நிறுவனங்களின் 64 பிட் செயலிகளுக்கும் அதே டிரைவர்தான். உடனே வட்டு தெரியும். நெட்வொர்க் டிரைவரையும் அதே ஐஎஸ்ஓவிலிருந்து ஏற்றிவிடுங்கள். வட்டை வழக்கமான சாட்டா வகைக்கு மாற்றினாலும் நிறுவலாம், வேகம்தான் குறையும்.

கேள்வி: விண்டோஸ் 11 ஊர்ந்து போகிறது. 8 ஜிபி ரேம் போதாதா?

பதில்: ரேமைக் குறை சொல்வதற்கு முன், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புகளைப் பாருங்கள். இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற மெய்நிகராக்க அமைப்பு அணைந்திருந்தால், செயலியின் வேலை முழுவதையும் மென்பொருளே பாவனை செய்ய நேரிடும். ஊராமல் என்ன செய்யும்? அது இயங்கும் நிலையில் இருந்தும் மெதுவாக இருந்தால் ரேமுக்கு வருவோம். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி வட்டு இடமும் கேட்கும். 4 ஜிபியை அதற்குக் கொடுத்துவிட்டால் லினக்ஸ் பக்கம் பிரவுசரை மூடி வைக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 பற்றிக் கவலை வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அதை மென்பொருளாகவே தருகிறது. கேவிஎம்முக்கு எஸ்டபிள்யூடிபிஎம் என்ற மென்பொருள் இருக்கிறது.

கேள்வி: வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் இயந்திரத்தின் அப்போதைய நிலையின் பதிவு) எடுக்கிறேன். அதுவே காப்புப் பிரதிதானே?

பதில்: தயவுசெய்து அப்படி நம்பாதீர்கள். ஸ்னாப்ஷாட் மூல வட்டுக் கோப்பைச் சார்ந்தே நிற்கிறது. அது கெட்டால் எல்லாம் கெட்டது. புதிய மென்பொருளை நிறுவுமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், சரியாக ஓடினால் நீக்கிவிடுங்கள். உங்கள் ஆவணங்களைப் பகிர்வுக் கோப்புறை வழியாக லினக்ஸ் பக்கமே வைத்து, அங்கிருந்து வெளி வட்டுக்கு நகல் எடுங்கள்.

கேள்வி: கனமான முப்பரிமாண மென்பொருள், விளையாட்டுகள்?

பதில்: சாதாரண மெய்நிகர் இயந்திரத்தில் வேண்டாம். இரண்டாவது கிராபிக்ஸ் கார்டை விண்டோஸுக்கே ஒப்படைக்கும் வழி உண்டு. மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும், பொறுமையும் வேண்டும். ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் சில ஆன்லைன் விளையாட்டுகள் மெய்நிகர் இயந்திரம் என்று தெரிந்தாலே திறக்க மறுக்கும். அவற்றுக்கு விண்டோஸைத் தனி வட்டில் நிறுவிக்கொள்வதுதான் வழி.