ஹேண்ட்சம்ல கை எங்கருந்து வந்துச்சு?

கேள்வி: ஹேண்ட்சம்னா அழகானவன்னு தெரியும், அதுல 'ஹேண்ட்' எதுக்கு? பின்னாடி வர 'சம்' கொஞ்சம்ங்கிற அர்த்தமா?

கொஞ்சம்ங்கிற அர்த்தம் இல்லைங்க, ஆனா கை நிஜமாவே இருக்கு. 1400 வாக்குல இந்த வார்த்தை புழக்கத்துக்கு வந்தப்ப மூஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, கையாள தோதான பொருள்னுதான் அர்த்தம். எங்க தாத்தா ஆசாரி, உளி வாங்கப் போனா பளபளப்பை எல்லாம் பாக்கவே மாட்டார், பிடியைப் பிடிச்சு மணிக்கட்டை ரெண்டு தடவ திருப்பிப் பாத்துட்டு "கைக்கு அடக்கமா இருக்கு, இதையே குடுப்பா"ன்னுவார். ஹேண்ட்சமோட பழைய அர்த்தம் அச்சா அதேதான், டிக்‌ஷனரில இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அவர் கைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அப்புறம் 16-ம் நூற்றாண்டுல பொருத்தமானது, கணிசமானதுன்னு அர்த்தம் விரிஞ்சு, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ளயே பாக்க லட்சணமா இருக்கிற ஆள் வரைக்கும் வந்துடுச்சு. இன்னைக்கும் 'ஹேண்ட்சமான சம்பளம்'ங்கிறோம் பாருங்க, அது அந்த 'கணிசமான' அர்த்தம்தான். டச்சு மொழில இதே வார்த்தை இப்பவும் கையாள சுலபமானதுன்னுதான் இருக்கு, அழகு பக்கமே போகல.

இப்ப 'சம்'முக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். பழைய இங்கிலீஷ்ல 'சும்'னு ஒரு விகுதி, நம்ம புத்திசாலி, திறமைசாலில வர 'சாலி' மாதிரி ஒரு சொல்லுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு 'அந்தக் குணம் உள்ள'ன்னு காட்டும். லோன்சம், டயர்சம், ஆசம் எல்லாம் அப்படி வந்ததுதான், ஜெர்மன்ல மெதுவாங்கிறதுக்கு 'லாங்ஸாம்'னு சொல்றாங்களே அதுல வர ஸாமும் இதேதான். வேரைத் தேடிப் போனா 'ஒன்று, ஒன்றான'ங்கிற அர்த்தத்துல நிக்குது, இங்கிலீஷ் 'சேம்' அதுலருந்து வந்தது, சமஸ்கிருதத்து 'சம'வும் அதுலருந்துதான், அங்கருந்து நாம எடுத்துக்கிட்டதுதான் சமம். அதனால ஹேண்ட்சம்ல இருக்கிற சம்மும் நாம கணக்குல போடற சமமும் தூரத்துச் சொந்தம்!

இன்னொண்ணு, இந்த விகுதி ஒரு வார்த்தைக்குள்ள ஒளிஞ்சே கிடக்கு. 'பக்சம்'. இப்ப பெண்களோட உடல்வாகைச் சொல்ற வார்த்தை, ஆனா ஆரம்பத்துல 'வளை'ங்கிற வினையோட 'சும்' சேந்து வளைஞ்சு குடுக்கிற, சொல்பேச்சு கேக்கிறன்னு அர்த்தம். இடைக்கால இங்கிலாந்துல கல்யாணத்தப்போ பொண்ணு புருஷனுக்குக் குடுக்கிற சத்தியத்துலயே இந்த வார்த்தை வரும். நடுவுல இருந்த ககர ஒலியும் அடுத்து வந்த சகரமும் சேந்து ஸ்பெல்லிங்ல ஒரே எக்ஸ் எழுத்தா மாறிட்டதால, அதுல சம் இருக்கிறதே இப்ப யார் கண்ணுக்கும் தெரியறதில்ல.