வீட்டில் பூன் ச்சா (சுட்ட பன்றிக்கறியைச் சாற்றில் போட்டு, அரிசி நூடுல்ஸோடு சாப்பிடும் வியட்நாம் உணவு) செய்தால் சாறு கரிக்கிறது, கறி உருண்டை வறண்டு போகிறது. எங்கே தவறு?

சாறு கரிக்கிறது என்றால் அனேகமாக நீங்கள் தெற்கு வியட்நாமின் அளவைப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். அங்கே பூன் தித் நூங் என்ற கிண்ணத்தில் நூடுல்ஸ், சுட்ட பன்றிக்கறி, இலைகள், வேர்க்கடலை எல்லாம் ஒன்றாக இருக்கும். மேலே இரண்டு மூன்று கரண்டி ஊற்றினால் போதும் என்பதால் சாறு காரசாரமாக, உப்பு தூக்கலாக இருக்கும். வடக்கே உள்ள ஹனோயின் பூன் ச்சா வேறு. அங்கே கறியே சாற்றில்தான் கிடக்கும். ரசம் போல அள்ளிக் குடிக்க வர வேண்டும், வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும்.

நான்கு பேருக்கு 450 மி.லி. தண்ணீரில் 75 கிராம் சர்க்கரையைச் சூடாக்கிக் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு 75 மி.லி. மீன் சாஸ், 60 மி.லி. வினிகர் விடுங்கள். மீன் சாஸைக் கொதிக்க விட்டால் வீடே நாறும், வாசமும் போய்விடும். பிராண்டுக்குப் பிராண்டு உப்பு மாறுவதால் முதலில் 60 மி.லி. மட்டும் விட்டு ருசி பாருங்கள். பப்பாளிக்காய், கேரட் இரண்டையும் மெல்லிய வில்லைகளாகச் சீவி, அரைத் தேக்கரண்டி உப்பில் 15 நிமிடம் பிசறிப் பிழிந்து இதில் போடலாம். பிழியாமல் போட்டால் காய் விடும் தண்ணீரில் சாறு சப்பென்று ஆகிவிடும். பொடியாக நறுக்கிய பூண்டும் மிளகாயும் பரிமாறும்போதுதான்.

கறி இரண்டு விதம். 400 கிராம் கைமா, கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள வயிற்றுப் பகுதி 400 கிராம், இது 3 மி.மீ. கனத் துண்டுகளாக. உருண்டை வறளக் காரணம் கொழுப்பில்லாத கைமா. தோள்பட்டைக் கறியில் கால் பங்காவது கொழுப்பு இருக்கும்படி கேட்டு அரைத்து வாங்குங்கள். முட்டை, ரொட்டித்தூள் எதுவும் வேண்டாம்.

நிறத்துக்கு 3 மேசைக்கரண்டி சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரோடு சூடாக்குங்கள். தேன் நிறம் தாண்டிக் கடுங்காப்பி நிறம் தொட்டதும் 4 மேசைக்கரண்டி வெந்நீர் விட வேண்டும்; சட்டென்று தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கறுத்துப் போனால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். ஆறிய இந்தப் பாகில் 2 மேசைக்கரண்டி, மீன் சாஸ் 2, சர்க்கரை 1, இடித்த சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நான்கு பல், மிளகுத்தூள். இதை இரண்டு கறிக்கும் பாதிப் பாதியாகப் பிசறி 2 மணி நேரம் ஊற விடுங்கள். கைமாவை ராத்திரி முழுக்க ஊற வைத்தால் உப்பு அதை இறுக்கி, மென்றால் ரப்பராகத் துள்ளும்.

கைமாவை 40 கிராம் வடைகளாகத் தட்டி, ஒன்றரை செ.மீ. கனம் வையுங்கள். கரி அடுப்பு என்றால் சாம்பல் பூத்த பிறகே வலையை வைக்க வேண்டும். தழல் எரியும்போது வைத்தால் சர்க்கரை கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். கரி இல்லையென்றால் ஓவனில் 225 டிகிரி செல்சியஸ், மேல் தட்டு, கம்பி மேல் வைத்து 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி. தோசைக்கல் கடைசி வழிதான். நெருக்கி அடுக்கினால் கறி தண்ணீர் விட்டு வேகுமே தவிரச் சுடாது. ஒரு வடையைப் பிட்டு உள்ளே வெந்ததா என்று பாருங்கள்.

சுட்டதும் சூடாகவே வெதுவெதுப்பான சாற்றில் போடுங்கள். கருகிய ஓரமும் உருகிய கொழுப்பும் சாற்றில் இறங்கினால்தான் அது பூன் ச்சா. ஆற வைத்துப் போட்டால் கறி தனி, சாறு தனி.

நூடுல்ஸ் மெல்லிய அரிசி வகை, வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசி வடிக்க வேண்டும். இடியாப்பம் வேண்டாம், சாற்றில் பட்டதும் உடைந்து கலங்கும். இலைக்கு லெட்யூஸ், புதினா, கொத்தமல்லி போதும். ஹனோயில் போடும் பெரில்லா என்ற வாசனை இலை கிடைத்தால் யோகம். நூடுல்ஸை மொத்தமாகச் சாற்றில் கொட்டாமல் ஒரு வாய்க்கு வேண்டியதை மட்டும் முக்கி, இலையோடும் ஒரு துண்டுக் கறியோடும் எடுங்கள்.