காது வலி நின்றது. இருமல் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: நான்கு வயதாகும் என் மகனுக்கு மூன்று வாரங்களுக்கு முன் சளியும் காய்ச்சலும் வந்தன. அதைத் தொடர்ந்து வந்த காது வலி, மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் நின்றுவிட்டது. ஆனால் இப்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறான். இரவில் வறட்டு இருமலும் இருக்கிறது. ஆன்டிபயாடிக்கை இன்னொரு முறை கொடுக்கலாமா? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடலாம் என்கிறார் மாமியார்.
– வாசகி, விருதுநகர்

பதில்: மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய், குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறக்குறையப் படுத்தவாக்கிலும் இருக்கிறது. சளி பிடிக்கும்போது அது வீங்கி அடைத்துக்கொள்வதால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, அதில் கிருமி பெருகிக் காது வலிக்கிறது. கிருமி அடங்கி வலி போன பிறகும் அந்த நீர் உடனே வடிந்துவிடுவதில்லை. பல வாரங்கள், சில குழந்தைகளுக்கு மூன்று மாதங்கள் வரைகூடத் தங்கியிருக்கும். கூப்பிட்டால் உங்கள் மகன் திரும்பாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால், அடம் பிடிக்கிறான் என்று திட்டிவிடாதீர்கள். பள்ளியில் முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். வலியோ காய்ச்சலோ இல்லாமல் நீர் மட்டும் தேங்கியிருந்தால் அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. மூன்று மாதங்களுக்குப் பிறகும் இப்படியே இருந்தால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

காதில் விடும் எண்ணெய் செவிப்பறைக்கு வெளியிலேயே நின்றுவிடும்; உள்ளிருக்கும் நீரை அது தொடாது. பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிக் கெடுதல் செய்யும், சூடு கூடிவிட்டால் தோல் வெந்துபோகும். பூண்டை ரசத்தில் தட்டிப் போடச் சொல்லுங்கள். மாமியாரின் மனமும் கோணாது.

இருமலுக்கு வருவோம். வைரஸ் போன பிறகும் மூச்சுக்குழாயின் உட்சவ்வு புண்பட்டே இருப்பதால், அது ஆறும்வரை குளிர்காற்று, ஓட்டம், கொசுவத்திப் புகை என எதுவும் இருமலைத் தூண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வாரங்களில் இது தானாக அடங்கிவிடும். இரவில் படுக்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது). மருந்துக்கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நச்சு கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்ததும், அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதும் நினைவிருக்கும். கலப்படமே இல்லாத சிரப்பும் இந்த வயதில் பெரிதாகப் பலன் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு வாரம் தாண்டியும் இருமல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இருமலோடு எடை குறைந்தாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ, வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். காதுக்குப் பின்னால் வீங்கிக் காதுமடல் முன்தள்ளினாலோ, மூச்சிரைப்பு இருந்தாலோ, அழாமல் அமைதியாக இருக்கையில் மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.