ஜெனிவீவ் யார்?

கேள்வி: பழைய பிரிட்டிஷ் காதல் காமெடி ஒன்று சொல்லுங்கள். லூட்டி வேண்டும், அழுகை வேண்டாம்.

பதில்: 1953-இல் வந்த ‘ஜெனிவீவ்’. கதாநாயகியின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு கார். 1904-இல் செய்த டராக் என்ற பிரெஞ்சு வண்டி. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நவம்பரில் பழைய கார்கள் அணிவகுத்துப் போகும். பந்தயம் கிடையாது, போய்ச் சேர்ந்தாலே பெருமை. வக்கீல் ஆலன் அந்த டராக்கில் மனைவி வெண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். நண்பர் ஆம்ப்ரோஸ் ஸ்பைக்கர் என்ற டச்சுக் காரில் வருகிறார். கூடவே தோழி ரோசலிண்டும் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாயும். பிரைட்டனில் இரண்டு ஆண்களும் முட்டிக்கொள்ள, யார் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குத் திரும்புவது என்று 100 பவுண்டு பந்தயம். அப்புறம் வழியெல்லாம் தில்லுமுல்லுதான்.

இதில் யாரும் சிரிக்க வைக்க மெனக்கெடுவதில்லை. ஆலனுக்கு அந்த ஓட்டை வண்டி உண்மையிலேயே உயிர். வெண்டி நிஜமான கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நமக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை.

ரோசலிண்டாக வரும் கே கெண்டல் போதையில் தள்ளாடியபடி, ‘நான் டிரம்பெட் வாசிக்கிறேன்’ என்று பேண்டுக்காரர்களிடம் போவார். சரி, மானம் போகப்போகிறது என்று ஆம்ப்ரோஸ் நெளிவார். அம்மணி வாசிப்பார் பாருங்கள், கூடமே வாய் பிளக்கும்! (உண்மையில் ஊதியது டிரம்பெட் கலைஞர் கென்னி பேக்கர். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் நம்ப மனம் வராது.)

கடைசிக் கட்டத்தில் ஒரு முதியவர் காரை மறித்து, ‘என்னிடமும் ஒரு டராக் இருந்தது’ என்று ஆரம்பிப்பார். நொடிக்கு நொடி பந்தயம் கைநழுவுகிறது. ஆலனோ வண்டியை நிறுத்தி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த மனிதரை வெண்டி ஏன் கட்டிக்கொண்டார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

கேள்வி: அந்த டிராம் காட்சி நம்பும்படியாகவா இருக்கிறது?

பதில்: ஸ்பைக்கரின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு வேறு தெருவுக்கு இழுத்துப் போகிறதே, அதுதானே? டயர் அவ்வளவு ஒல்லி, நடக்கக்கூடியதுதான். லண்டனில் டிராம் 1952 ஜூலையோடு நின்றுவிட்டது, படப்பிடிப்பு அதன் பிறகு. தண்டவாளம் மட்டும் சாலையில் மிச்சம் கிடந்தது. எனக்கு அதைவிட ஆச்சரியம், ஆலனாக நடித்த ஜான் கிரெக்சனுக்குக் கார் ஓட்டவே தெரியாது என்பது. படப்பிடிப்பின்போதுதான் கற்றுக்கொண்டாராம்!

கேள்வி: படம் முழுக்க மவுத் ஆர்கன் வாசித்தது யார்?

பதில்: லேரி அட்லர், அமெரிக்கர். இடதுசாரி என்று அங்கே கறுப்புப் பட்டியலில் வைத்திருந்ததால் அமெரிக்கப் பிரதிகளில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் போட்ட இசைக்கான ஆஸ்கர் பரிந்துரை இசை நடத்துநர் மியூர் மாத்தீசன் பெயரில் போனது. அட்லர் பெயர் அதில் ஏறப் பல ஆண்டுகள் ஆயின.

கேள்வி: அந்தக் கார் இப்போது எங்கே?

பதில்: நெதர்லாந்தில், ஹேக் நகரத்து லாவ்மன் அருங்காட்சியகத்தில். ஸ்பைக்கரும் அங்கேதான்.